மந்தை முரசு

“முப்பது மிருகம் இருக்கிற டெக்குல இந்தக் கார்டுக்கு இடம் உண்டா, டீச்சர்?”

கேட்டவர் குணசீலன். வயது ஐம்பத்திரண்டு. ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு வேலை.

டீச்சர் நஸ்ரினுக்கு இருபத்து மூன்று. திருச்சி தில்லை நகரில், ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடியில், ஞாயிறுதோறும் கார்டு விளையாட்டு சொல்லித் தருகிறவள். தொடர்ந்து இரண்டு ஆட்டம் அவளை ஜெயித்தவர் அந்த மாடியில் யாருமில்லை.

டெக் என்பது ஆடுபவர் தனக்கென்று சேர்த்து வைத்துக்கொள்ளும் கார்டுக் கட்டு. அவர் காட்டிய கார்டின் பெயர் மந்தை முரசு. மேசையில் உங்கள் மிருகங்கள் எத்தனை நிற்கின்றனவோ, ஒவ்வொன்றுக்கும் அத்தனை பலம் கூடும்.

“உக்காருங்க சார். ஆடிப் பாத்துடலாம்.”

முதல் ஆட்டத்தில், அவர் பக்கம் ஐந்து மிருகங்கள் நிற்கும்போது முரசு வந்தது. ஒரே சுற்றில் குணசீலன் ஜெயித்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“இது வராம இருந்திருந்தா?” என்றாள் நஸ்ரின்.

அவர் மேசையைப் பார்த்தார். “அடுத்த சுத்துல ஜெயிச்சிருப்பேன்.”

இரண்டாவது ஆட்டத்தில் அவருடைய மிருகங்களை அவள் ஒவ்வொன்றாக வீழ்த்தினாள். அவர் பக்கம் வெறும் மேசை. கையில் ஒரே கார்டு. முரசு.

“இப்ப கையில என்ன இருந்தா தேவலை?”

“ஒரு முயல் போதும்.”

“அப்புறம் என்ன சார். ஜெயிக்கறப்ப இது தேவையில்ல, தோக்கறப்ப உதவல. நீங்களே சொல்லிட்டீங்க.”

குணசீலன் கார்டைக் கீழே வைக்கவில்லை.

“டெக்குலேருந்து இதை எடுக்க மனசு வரல டீச்சர். இந்த டெக்கை எனக்குச் சேத்துக் குடுத்ததே என் பொண்ணு யாழ்நங்கைதான். அப்ப எட்டாவது படிச்சா.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“பின்லாந்துல. போன வருஷம் படிக்கப் போனா. ஞாயித்துக்கிழமை ஆனா அவதான் வீடியோவுல கூப்பிடுவா. கேமராவுக்கு முன்னாடி கார்டை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஆடுவோம்.”

முரசுக் கார்டைத் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு மாசமா கூப்பிடறதில்ல. ‘சாப்டீங்களா’ன்னு மெசேஜ் மட்டும் வரும். ஞாயித்துக்கிழமை போனைச் சட்டைப் பையிலேயே வச்சிருப்பேன். குளிக்கப் போனாக்கூட ஜன்னல்ல வச்சுட்டுத்தான் குளிப்பேன்.”

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நான் ரொம்ப சுமாராத்தான் ஆடுவேன். அவளுக்குச் சலிச்சுப் போயிருக்கும். அதான் உங்ககிட்ட வந்தேன். மறுபடி கூப்பிட்டான்னா ஒரு நல்ல ஆட்டம் காட்டலாமேன்னு.”

“எத்தனை வாரமா இங்க வர்றீங்க?”

“எட்டு வாரம்.”

“அதுல நீங்க எத்தனை தடவை அவங்களைக் கூப்பிட்டீங்க?”

கீழே கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“படிக்கிற பொண்ணு. ஆயிரம் வேலை இருக்கும். நாம போய்த் தொந்தரவு பண்ணக் கூடாதில்ல...”

நஸ்ரின் மேசையிலிருந்த கார்டுகளை எல்லாம் வாரினாள். அவர் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டாள். மேசையில் ஒன்றுமே இல்லை.

“உங்க முறை சார்” என்றாள். எழுந்து பால்கனிப் பக்கம் போய்விட்டாள்.

குணசீலன் அந்த வெறும் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் விரல் தயங்கியது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது திரையில் முகம் தெரிந்தது. தலையில் ஈரத் துண்டு.

“அப்பா! என்னாச்சு? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணுமில்லம்மா. அம்மா நல்லா இருக்கா.”

“பின்ன ஏன் கூப்பிட்டீங்க?”



“ஒரு ஆட்டம் போடலாமா?”

யாழ்நங்கை துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். கண்களையும்.

“இதைக் கேக்க உங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சாப்பா?”