பென்சிலால் எழுதிய பெயர்

மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வேதநாயகம் ஒடிசா போய்வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு நாளாக அவருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. "ரத்தம் பாத்துடலாம் சார்" என்றாள் லேப் டெக்னீஷியன் குருவம்மாள்.

"ஏசி குளிரும்மா. டிப்ளமா படிச்சிட்டு எனக்கே வைத்தியம் சொல்றியா?"

மறுநாள் காலை மாணவர்களுக்கு ரத்த ஸ்லைடு செய்து காட்ட, தன் விரலையே குத்தி ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்தார். "பேர் எழுதாத ஸ்லைடு குப்பைக்குச் சமம்" என்று ஓரத்தில் பென்சிலால் தன் பேரை எழுதிவிட்டுக் குருவம்மாளிடம் திரும்பினார். "பன்னெண்டு மணிக்குள்ள பால்சிபாரம் மலேரியா ஸ்லைடு ஒண்ணு வேணும். இல்லேன்னா உனக்கு மலைக்கு மாற்றல்."

கல்லூரி இருந்த ஊர்ப் பக்கம் வருவதெல்லாம் வைவாக்ஸ் மலேரியாதான்; ஆளையே கொல்லும் பால்சிபாரம் ஒடிசாப் பக்கம்தான் அதிகம். அதற்கு அவள் எங்கே போவாள்? அவர் கை நடுங்குவதைப் பார்த்தாள்.

"கிடைக்கும் சார்" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு மாணவர்கள் சூழ, வேதநாயகம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். "ஒரே செல்லுக்குள்ள ரெண்டு வளையம். இதோ, பிறை மாதிரி ஒண்ணு. சந்தேகமே இல்லை, பால்சிபாரம்." நிமிர்ந்தார். "இந்த ஆளை நடமாட விட்ட முட்டாள் யார்? இந்நேரம் வார்டுல இருக்கணுமே."

"ரெண்டு நாளா சொல்லிப் பாத்தேன் சார். ஏசி குளிருன்னுட்டார்."

"பேர் என்ன?"

குருவம்மாள் ஸ்லைடைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். சாயம் ஏறிய ரத்தத்தின் ஓரத்தில் பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது. அவருடைய பெயர், அவர் கையெழுத்திலேயே, பட்டங்களோடு.

சக்கர நாற்காலியைக் குருவம்மாள் பதினொன்றரைக்கே வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.