ஒன்றைத் தாண்டிப்போன சாயம்

பவானிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நீலம் பொங்கித் தெருவில் ஓடியது. அங்கே திரிந்த நாய்களெல்லாம் மயில் நிறமாகிவிட்டன.

சாய மெஷினுக்கு புரோகிராம் எழுதிய இன்ஜினியர் கோதண்டன், தொட்டி வேலை பார்க்கும் செவ்வந்தியிடம் பாய்ந்தார். "எதையோ அமுக்கிட்டே! நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"சரியா ஒரு லிட்டர் வந்தாத்தான் நிக்கோணும்னு எழுதினது நீங்கதானுங்களே? மெஷினு பத்துல ஒரு பங்கா ஊத்திக் கூட்டிட்டே போகுது, அதுக்கு அந்தப் பின்னம் துல்லியமா வர்றதில்லீங்க. திரையில பாருங்க, 0.9999999999999999-க்கு அப்புறம் 1.0999999999999999-ங்குது. பாவம், இன்னும் ஒன்னைத் தேடிட்டிருக்குது. நாங்க கையில ஊத்துறப்போ பத்துக் கரண்டின்னு முழுசா எண்ணி நிறுத்துவோமுங்க."

கோதண்டனுக்குக் காது சுட்டது. அதற்குள் முதலாளி ஓடிவந்து, "யார் தப்பு?" என்றார்.

"மெஷினுக்குப் பின்னக் கணக்கு தகராறுங்க" என்றாள் செவ்வந்தி.

தான் விரட்டிய பெண்ணே தன்னைக் காப்பாற்றியதில் கோதண்டன் இன்னும் கூசிப்போனார்.

"என் தப்புங்க ஐயா" என்றார், தலை நிமிராமல்.