சும்மா வந்த மகள்

"கடவுள் என்னைப் பொறுத்துக்கிறார். அவ்வளவுதான்" என்றாள் சிஸ்டர் பிரகாசி.

சலேத் இரும்பு அச்சில் மாவை ஊற்றி மூடினாள். சுற்றுவட்டாரக் கோவில்களுக்குத் திருப்பலி அப்பம் சுட்டுக் கொடுப்பது அவள் வேலை. முன்பு குருமடத்தில் இறையியல் கற்பித்தவள். ஒருநாள் அதை விட்டுவிட்டு, மடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்குக் குடிவந்தாள். பிரகாசியைவிடச் சற்றே இளையவள்தான். ஆனாலும் மனம் கலங்கிய கன்னியர்கள் அவளிடம்தான் வந்தார்கள்.

பிரகாசி மடத்தைவிட்டுப் போவதென்று முடிவு செய்திருந்தாள். மாத முடிவில் மடத்துத் தலைவி மதரிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"அவர் நிறைவானவர். நான் போய் முழந்தாளிட்டா அவருக்கு ஒண்ணும் கூடப்போறதில்ல. போகாட்டி ஒண்ணும் குறையப்போறதில்ல. அப்புறம் நான் வர்றதுல அவருக்கு என்ன சந்தோஷம் இருக்க முடியும்?"

வருகிறவர்களைக் கண்டு கடவுள் மகிழ்கிறார் என்று வேதத்தில் எழுதியிருப்பது தனக்குத் தெரியும் என்றும் சொன்னாள். அதையே மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் தன் நாக்கு மரத்துப்போயிற்று என்றாள்.

சலேத் அச்சைத் திருப்பிப் போட்டாள்.

"உங்க அப்பா இருக்காரா, சிஸ்டர்?"

"இருக்கார்."

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நன்கொடை கேட்டுப் போனபோது, என்றாள் பிரகாசி. அதற்கு முன்பு அம்மாவின் அடக்கத்துக்கு. அதற்கும் முன்பு தம்பி கல்யாணத்துக்கு.

"ஒரு நாள் போயிட்டு வாங்க" என்றாள் சலேத். "ஒண்ணும் கொண்டுபோகாதீங்க. ஒண்ணும் கேட்காதீங்க."

கேள்விக்கு அதுதான் பதிலா என்று பிரகாசி கேட்டாள். சலேத் அடுத்த கரண்டி மாவை எடுத்தாள்.

*

பிரகாசியின் தந்தை கஸ்பார், கடற்கரையில் ஓலைக் கொட்டகை போட்டு வள்ளத்து எஞ்சின்களுக்கு வேலை பார்ப்பவர். மகள் மடத்துக்குப் போவதில் அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. அவள் துறவு வார்த்தைப்பாடு கொடுத்த நாளில் கோவிலின் கடைசி வரிசையில் நின்றார். வெளியே வந்ததும் அவளை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து அப்படித்தான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கொட்டகை முன்னால் ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குச் சொந்தக்காரர் ராயப்பன், அதைத் தூக்கிக்கொண்டு போக ஆட்களோடு நின்றார்.

கஸ்பார் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சிஸ்டர். என்ன சோலியா வந்தீங்க?"

"சும்மாதான்ப்பா."

"யாருக்காவது மேலுக்குச் சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது..."

"இல்லப்பா. சும்மா."

அவர் அவளைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு எஞ்சினைப் பார்த்தார். குனிந்து அதை நிறுத்தினார்.

"சத்தம் சரியில்ல. நாளைக்கு வா" என்றார் ராயப்பனிடம்.

சத்தம் நன்றாகத்தானே இருந்தது என்று ராயப்பன் சொல்லிப் பார்த்தார். கஸ்பார் காதில் வாங்கவில்லை. அந்தக் கொட்டகையில் வளர்ந்தவள் பிரகாசி. அவள் காதுக்கும் சத்தத்தில் குறை தெரியவில்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, எஞ்சினை அதன் பக்கத்தில் இழுத்து வைத்தார். தரையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார்.

ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார். மண்ணெண்ணெயில் கழுவினார். துணியில் துடைத்தார். துடைத்ததை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார். விரித்த சாக்கின் மேல் வைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்தவற்றையும் கழுவினார்.

பிரகாசிக்குக் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதலில் செபமாலையை எடுத்தாள். பிறகு உள்ளே வைத்தாள். வீட்டைக் கூட்டித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். சமைக்கட்டுமா என்றாள். கடையில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். மீனும் சோறும் வந்தன. பெரிய துண்டு அவள் இலைக்கு வந்தது.

சாப்பிட்ட பிறகும் அவர் எஞ்சினிடம்தான் போனார். அவளும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கடல் இரைந்தது. ஏதோ ஒரு நட்டு இறுகிப்போய்த் திரும்ப மறுத்தது. அவர் தலையைத் தூக்காமலே கையை நீட்டினார்.

"அந்தச் சின்ன ஸ்பானரை எடு புள்ள."

எடுத்துக் கொடுத்தாள். அதன் பிறகு அவர் கேட்காமலே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வெள்ளைச் சேலையில் எண்ணெய் பட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

வெயில் தாழ்ந்தபோது எஞ்சினைப் பூட்டி முடித்தார். ஓட்டிப் பார்த்தார். காலையில் கேட்ட அதே சத்தம்.

பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, வெளியிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். பஸ் கிளம்பிவிட்டது.

*

"என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள் சலேத்.

"ஒண்ணும் நடக்கல."

சலேத் சொன்னபடியே செய்ததாகப் பிரகாசி சொன்னாள். ஒன்றும் கொண்டுபோகவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அப்பா நாள் முழுக்க வேலை செய்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உருப்படியாக நாலு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"உங்களால அவருக்கு என்ன பிரயோஜனம்?"

"ஒண்ணும் இல்ல. என்னால அவர் வேலைதான் கெட்டுச்சு. கொடுத்து அனுப்ப வேண்டிய எஞ்சினைக் கொடுக்காம பிரிச்சுப் போட்டுட்டு உட்கார்ந்துட்டார்."

சொல்லிவிட்டுப் பிரகாசி நிறுத்தினாள். சலேத் அச்சை அடுப்பில் வைத்தாள்.

"கிளம்பும்போது ஏதாவது சொன்னாரா?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் சொன்னதைப் பிரகாசி யோசித்துக்கொண்டுதான் வந்தாள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்று கடைசியில் விட்டுவிட்டாள்.

"'இன்னைக்கு நல்லா இருந்துச்சு'ன்னார்."

"எது?"

"சாப்பாட்டைச் சொல்லியிருப்பார்."

சலேத் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சாப்பாடு அப்படி ஒண்ணும் நல்லா இல்ல. மீன்ல உப்பு தூக்கல்" என்றாள் பிரகாசி. "வேலையைச் சொல்லல. அந்த எஞ்சின்ல வேலையே இல்லையே. நான் ஒண்ணும் பேசல. ஒண்ணும் செய்யல. சும்மா..."

பிரகாசி எண்ணெய்க் கறை படிந்த முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுப்பில் அச்சு சூடேறிப் புகைந்தது. உள்ளே அப்பம் கருகும் வாசனை அறை முழுக்கப் பரவியது.

சலேத் எழுந்திருக்கவில்லை. பிரகாசியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.