உத்தரவுக்குக் காத்திருந்த ஆட்காட்டி

குமிழங்காட்டில் ஓர் ஆட்காட்டிப் பறவை இருந்தது. அதன் குரலைக் கேட்காத விலங்கே அங்கே கிடையாது. நரி குறுக்கே போனால் கத்தும். ஓணான் தலையாட்டினால் கத்தும். ஒன்றுமே நடக்காவிட்டால், அதற்கும் கத்தும்!

"இந்த வாய்க்கு ஒரு வேலை கொடுத்தால் என்ன?" என்று காட்டுச் சபை யோசித்தது. சபைக்கு எல்லோரையும் அழைக்கும் பதவியை அதற்கே கொடுத்தது. தலைவரான யானை உத்தரவு போடும். ஆட்காட்டி கத்தும். எல்லோரும் குளத்தங்கரையில் வந்து கூடுவார்கள்.

பதவி வந்ததும் ஆட்காட்டியின் நடையே மாறிவிட்டது. நரி போனாலும் வாயைத் திறப்பதில்லை.

"என் குரல் இப்போது சபையின் குரல். கண்டதற்கெல்லாம் கத்துவேனா?" என்று கழுத்தை நிமிர்த்திக்கொள்ளும்.

அந்தக் கோடையில் கூடிய சபையில் காட்டுப்பன்றி எழுந்து ஒரு கேள்வி கேட்டது. "ஓடைக்கரை மூங்கிலில் பாதி ஒரே வயிற்றுக்குள் போயிருக்கிறதே, அது யார் வயிறு, தலைவரே?"

யானையின் காது ஆடவில்லை. "வெயில் அதிகமாகிவிட்டது! இனி முதல் மழைக்குப் பிறகுதான் சபை!" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியது. மற்றவர்களும் நிழல் தேடித் திசைக்கொருவராகப் பிரிந்து போனார்கள்.

ஆட்காட்டி மட்டும் குளத்தங்கரையிலேயே இருந்தது. கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் வெளியே வரும் நேரம்.

ஒருநாள் காலை மேற்கு மலையில் புகை எழுந்தது. ஆட்காட்டி யானையிடம் பறந்தது.

"தலைவரே, காட்டுத்தீ! சபையைக் கூட்டட்டுமா?"

"என்னம்மா இது? கோடையில் புகை வராமல் பனியா வரும்? முதல் மழைக்கு முன்னால் சபை கிடையாது. நீயும் கேட்டாய் அல்லவா?"

யானைக்குப் புகையைவிட மூங்கில்தான் பெரிய கவலை. சபை கூடினால் பன்றி விட்ட இடத்திலிருந்து தொடங்குமே! ஆட்காட்டிக்கும் அது புரிந்தது. புரிந்தும் திரும்பி வந்து முட்டைமேல் உட்கார்ந்தது.

பக்கத்துப் புதரிலிருந்து முயல் ஓடிவந்தது. "அக்கா, கத்துங்கள்! ஓணானுக்கெல்லாம் கத்தினவர் ஆயிற்றே நீங்கள்!"

"உத்தரவு வரவில்லையே, தம்பி."

"நெருப்பு உத்தரவு கேட்டுக்கொண்டா வருகிறது?"

ஆட்காட்டிக்குத் தொண்டை வரை குரல் வந்துவிட்டது. ஆனால் பதவி போய்விடுமே என்ற பயம் அதை உள்ளே அமுக்கிவிட்டது. மறுபடியும் யானையிடம் பறந்தது.

"சபை எதற்கு? தீயை அணைக்க நான் ஒருவனே போதும்!" என்றது யானை. தும்பிக்கை நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போனது. கொண்டுபோன தண்ணீர் ஒரு புதருக்குக்கூடப் போதவில்லை.

மதியம் காற்று திரும்பியது. காது பொசுங்க யானை ஓடிவந்தது. "கூப்பிடு! எல்லோரையும் கூப்பிடு!"

அன்று ஆட்காட்டி கத்தியதைப் போல அதற்கு முன்னால் எந்தப் பறவையும் கத்தியதில்லை. எல்லோரும் வந்தார்கள். ஆனால் நெருப்பும் கூடவே வந்துவிட்டது. குளத்தில் இறங்கி உயிர் பிழைக்கத்தான் நேரம் இருந்தது. கரையிலிருந்த காய்ந்த புல் அவர்கள் கண்முன்னே பற்றி எரிந்தது.

தீ அடங்கிய பிறகு சாம்பலின் மேல் சபை கூடியது.

"ஓடைக்கரைப் புல்லை நாங்கள் மண்ணோடு கிளறிப் போட்டிருந்தால், நெருப்பு அதைத் தாண்டியிருக்காது. அக்கரையில் சும்மாதான் படுத்திருந்தோம்" என்றது பன்றி.

"காற்று திரும்பப்போவது மேலே பறந்த எனக்குத் தெரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?" என்றது பருந்து.

யானை தலை கவிழ்ந்து நின்றது. "பன்றியின் கேள்விக்குப் பயந்தேன். இப்போது கேளுங்கள், பன்றியாரே. பதில் சொல்கிறேன்."

பன்றி கேட்கவில்லை. கேட்பதற்கு ஓடைக்கரையில் மூங்கிலே இல்லை.

ஆட்காட்டி கூழாங்கற்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. கற்களும் கறுத்திருந்தன, முட்டைகளும் கறுத்திருந்தன. எது கல், எது முட்டை என்று அதற்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாக அலகால் தொட்டுப் பார்த்தது.

"என்னை மன்னித்துவிடு, அம்மா" என்றது யானை.

"உங்களை மட்டும் எப்படிக் குறை சொல்வேன், தலைவரே? ஓணானுக்குக் கத்தும்போது நான் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. என் குஞ்சுகளுக்குக் கத்தத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன்."

அன்றே அது பதவியை விட்டது. இப்போதும் காட்டில் ஒரு சருகு அசைந்தால்கூட அது கத்துகிறது. யாரும் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

ஆபத்து வரும்போது கேள்விக்குப் பயந்து சபையைக் கூட்டாத தலைவரும், உத்தரவுக்குக் காத்திருந்து வாய் திறக்காதவரும் சேர்ந்தே காட்டை இழக்கிறார்கள்.