கொடிக்கம்பத்தைத் தாண்டி

எங்கள் ஏரியில் பாதி தமிழ்நாடு, பாதி ஆந்திரா. நடுவில் நிற்கும் கொடிக்கம்பம்தான் எல்லை. இறாலைத் தேடிப் போன கங்கம்மா அதைத் தாண்டிவிட்டாள். எங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்துப் புது மீன்வளத்துறை அதிகாரி மோட்டார் படகில் துரத்தி வந்து மடக்கினார்.

"எல்லை தாண்டிட்டே. வலையைக் கொடு!"

அவளுக்கு இருப்பதே அந்த ஒரு வலைதான். போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"தரேன் ஐயா. எங்கே பிடிச்சீங்கன்னு எழுதிக் கொடுங்க."

அதிகாரி சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "கொடிக்கம்பத்தைத் தாண்டி, ஆந்திராப் பக்கத்தில். போதுமா?"

"கையெழுத்தும் போடுங்க. தமிழ்நாட்டு அதிகாரி இங்கே எப்படி வந்தார்னு ஆந்திராக்காரங்க கேட்பாங்களே."

பேனா நின்றது. திரும்பிப் பார்த்தார். கம்பம் வெகுதூரத்தில் தெரிந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, வாம்மா. ரெண்டு பேருமே திரும்பிப் போயிடுவோம்."

கங்கம்மா வலையைச் சுருட்டினாள். "முன்னால போங்க ஐயா. கம்பம் வந்ததும் சொல்றேன்."