இன்றைய காய் யார் தோட்டம்?

ஆற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் முதல் கவளம் எடுக்குமுன், அன்றைய காய் யார் தோட்டத்தில் விளைந்தது என்று அடுக்களை பார்ப்பவர் உரக்கச் சொல்ல வேண்டும்.

"இன்றைய கத்தரிக்காய் மாரிக்கண்ணு தோட்டம்!"

"வாழ்க!" என்று பந்தியே குரல் கொடுக்கும். பிறகுதான் சாப்பாடு.

அடுக்களை பார்த்தவர் சட்டைநாதன். ஐம்பதை நெருங்கிய சீடர். தங்கமான மனிதர்தான், ஆனால் சொத்தைக் காயைக் கண்டால் ஆகாது. மாரிக்கண்ணுவின் நாட்டுக் கத்தரியிலோ காம்பெல்லாம் முள், நறுக்கினால் புழு. ஒதுக்கி எடுப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். வெளியூர்ச் சந்தையிலிருந்து லாரியில் காய் வர ஏற்பாடு செய்துவிட்டார். எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. வேலை சீக்கிரம் முடிந்தது.

அன்றிலிருந்து பந்தியில், "இன்றைய கத்தரிக்காய் சந்தை!" என்றார்.

மூன்று மாதம் கழித்துக் குருவிடம் வந்து நின்றார்.

"ஐயா, இப்போதெல்லாம் யாரும் வாய்விட்டு வாழ்க சொல்வதில்லை. ஏன்?"

குரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா, மாரிக்கண்ணு தோட்டம்வரை போய் வரலாம்."

வாய்க்காலைத் தாண்டினால் தோட்டம். அங்கே ஒரு செடிகூட இல்லை. காய்ந்த பாத்திகளில் ஆடுகள் நின்றன. மேய்த்துக்கொண்டிருந்தவள் பக்கத்து வீட்டுத் தவமணி.

"மாரிக்கண்ணு எங்கேம்மா?" என்றார் சட்டைநாதன்.

"செங்கச் சூளைக்குப் போயிட்டா சாமி. புள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு. எந்த ஊருன்னுகூடச் சொல்லல."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"மூணு நாளு கூடையும் கையுமா மடத்து வாசல்ல வந்து நின்னா. அங்க லாரியிலேருந்து மூட்டை எறங்கிக்கிட்டு இருந்துச்சு. என்னத்தச் சொல்லுவா?"

சட்டைநாதனுக்குச் சுருக்கென்றது. அவளை அவர் பார்த்திருந்தார். பசியோடு வந்திருப்பாள் என்று நினைத்து, "சாப்பிட்டுவிட்டுப் போம்மா" என்றுகூடச் சொல்லியிருந்தார். அவள் சாப்பிடவில்லை.

"விதையாவது வைத்துவிட்டுப் போயிருப்பாளே?"

"எப்பவும் செடிக்கு ஒரு காயை விதைக்குன்னு பழுக்க விடுவா. இந்தத் தடவ அதையும் பறிச்சு எங்க ஆட்டுக்குப் போட்டுட்டா சாமி."

சட்டைநாதன் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். குரு தேற்றவில்லை. இருவரும் மடத்துக்குத் திரும்பினார்கள்.

மத்தியானப் பந்தி உட்கார்ந்தது. எல்லா இலையிலும் கத்தரிக்காய்ப் பொரியல் விழுந்தது. சட்டைநாதன் பெயர் சொல்ல எழுந்தார். குருவின் அருகே போய்க் குனிந்தார்.

"ஐயா, நான் யார் பெயரைச் சொல்ல? இதை விளைத்தவர் யாரென்றே எனக்குத் தெரியாது."

"அவளை ஊரைவிட்டு அனுப்பியவர்களைத் தெரியுமே" என்றார் குரு. "மூன்று மாதமாய் நானும் சாப்பிட்டேன். என் பெயரிலிருந்து தொடங்கு."