கண்ணாடி மூடிக்குள்ள ஒரு கல்லு

மெஹருன்னிசா மேடம் மேசையில லிஸ்ட்டைத் தொப்புன்னு போட்டேன். எங்க ஜியாலஜி வகுப்பு ஃபீல்டு டிரிப்புக்கு நான்தான் குழுத் தலைவி. சாயங்காலத்துக்குள்ள பேரெல்லாம் முடிவாகணும்.

"ஏகாம்பரம் பேரை அடிச்சுடுங்க மேடம். வருசம் பூரா வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி உக்காந்திருக்கான்."

"டிரிப் போகலைன்னா அவனுக்கு இந்த வருசமே போயிடும் நாச்சியார்."

"போகட்டும். ஜடத்தையெல்லாம் என்னால சுமக்க முடியாது."

மேடம் கண்ணாடி மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாங்க. உள்ள சாம்பல் கலர்ல ஒரு கல்லு.

"இது யூ.வி. விளக்குல, அதான் புற ஊதா வெளிச்சத்துல, ஒளிருதான்னு பார்த்து லேபிள் எழுதிட்டு வா. அப்புறம் அடிக்கலாம்."

இருட்டு ரூமுக்குப் போனேன். யூ.வி.ல ரெண்டு வகை. முதல்ல லாங் வேவ் விளக்கைக் காட்டினேன். ஒண்ணுமில்ல. ஷார்ட் வேவ் காட்டினேன். அதுக்கும் ஒண்ணுமில்ல. 'ஒளிராது'ன்னு எழுதிட்டு வந்துட்டேன்.

"செத்த கல்லு மேடம். உங்க ஏகாம்பரம் மாதிரியே."

மேடம் எழுந்து என்கூட இருட்டு ரூமுக்கு வந்தாங்க. பெட்டி மூடியைக் கழட்டினாங்க. லாங் வேவ் காட்டினாங்க. கல்லு அப்படியே கிடந்துச்சு.

"நான்தான் சொன்னேனே!"

ஷார்ட் வேவைப் போட்டாங்க.

கல்லு பூரா நீலமா எரிஞ்சுது.

ஷார்ட் வேவ் சாதாக் கண்ணாடியைத் தாண்டி உள்ள போகாது. முதல் வருசப் பாடம். அதுல நான்தான் ஃபர்ஸ்ட் மார்க்.

"மூடியோட குடுத்தது நீங்க! கழட்டிப் பாருன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஏகாம்பரத்தை எங்க பேசச் சொன்னே?"

"செமினார்ல. எல்லார் முன்னாடியும்."

"எந்த மொழியில?"

"இங்கிலீஷ்லதான். அதானே ரூலு?"

"பேசினானா?"

"எந்திரிச்சான். ரெண்டு வார்த்தையில திக்கினான்."

"நீங்க?"

"சிரிச்சோம்."

"தனியா, தமிழ்ல?"

"...கேட்டதில்ல."

விளக்கை அணைச்சாங்க. வெளிய வந்து லிஸ்ட்டையும் லேபிளையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சாங்க. ஒண்ணுல அவன் பேரு. இன்னொண்ணுல என் கையெழுத்துல 'ஒளிராது'.

பேனாவை நீட்டினாங்க.

"இப்ப சொல்லு. எதை அடிக்கணும்?"